திருவிவிலியம்: ஒரு வருடம் வாசித்துவிட்டு எழுதுகிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இறையியல் படித்தவள் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, பிராட்டஸ்டண்ட்) குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்து டிபன் பாக்ஸும் சோப்பு டப்பாவும் பரிசாக வாங்கி, பிறகு தூத்துக்குடியில் ஒரு கத்தோலிக்க வீட்டுக்கு மருமகளாய்ப் போனவள். அதனால் எங்கள் அலமாரியில் இரண்டு பைபிள். ஒன்று என் கல்யாணத்துக்குக் கிடைத்த 'பரிசுத்த வேதாகமம்', கறுப்பு அட்டை, தாள் ஓரத்தில் சிவப்புச் சாயம். இன்னொன்று மாமியாருடைய 'திருவிவிலியம்'. பத்து வருடமாக இரண்டாவதைத் தூசி தட்டி வைத்ததோடு சரி.

போன வருடம் ஒரு நாள் இரவு ஜெபத்தில் பெரிய மகள் 1 பேதுரு 5:7 வாசித்தாள். "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." வாசித்துவிட்டு, "ஏம்மா, போலீஸ் மாதிரி கடவுள் நம்மள விசாரிப்பாரா, அப்புறம் எப்படி அவர்கிட்ட கவலைய சொல்றது?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தாலும் அவள் கேட்டதில் தப்பில்லை. அவளுக்குத் தெரிந்த விசாரணை டிவி செய்தியில் வருகிற விசாரணைதான். மாமியாரின் பைபிளை எடுத்துப் பார்த்தேன், "அவர் உங்கள்மேல் கவலை கொண்டுள்ளார்" என்று இருந்தது. அந்த வாரமே எனக்கென்று ஒரு பிரதி வாங்கிவிட்டேன்.

வாங்கின கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆன்லைனில் ஒரு கடையில் ஆர்டர் போட்டேன். பெயர் வேண்டாம். பிளாஸ்டிக் கவரில் சும்மா சுருட்டி அனுப்பியிருந்தார்கள், அட்டையின் மூலை நசுங்கி, ஆமோஸ் தொடங்கி மலாக்கி வரை எல்லாத் தாளும் நாய்க்காது மாதிரி மடங்கியிருந்தது. திருப்பி அனுப்பி மாற்றி வாங்க இரண்டு வாரம். பைபிள் தாள் எவ்வளவு மெல்லிசு என்று உங்களுக்கே தெரியும், ஒரு தடவை மடிந்தால் அந்தக் கோடு போகவே போகாது. முடிந்தால் நேரில் போய், கையில் எடுத்து, புரட்டிப் பார்த்து வாங்குங்கள். எழுத்து அளவும் நேரில் பார்த்தால்தான் தெரியும்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன்.

திருவிவிலியம் 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பு. 'பொது' என்ற சொல்லுக்குக் காரணம் இருக்கிறது. திண்டிவனத்தில் உள்ள கத்தோலிக்க விவிலிய நடுநிலையமும் இந்திய வேதாகமச் சங்கமும் சேர்ந்து செய்தது இது, அதாவது கத்தோலிக்கர், பிராட்டஸ்டண்ட் என்று இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். ஆனால் நடைமுறையில் பார்த்தால் கத்தோலிக்கர்கள் பூசையில் இதை வாசிக்கிறார்கள், நம் சி.எஸ்.ஐ. கோயில்களில் பெரும்பாலும் பழைய 'பரிசுத்த வேதாகமம்'தான் ஓடுகிறது. நான் இதைக் கையில் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போனால் அம்மா, "இது அவங்க பைபிள்லா?" என்கிறாள். பொது என்று பேர் வைத்தாலும் பொதுவாகாமல் போன பொருட்களில் இதுவும் ஒன்று.

பழையது எவ்வளவு பழையது என்று யோசித்ததே இல்லை, இப்போதுதான் கணக்குப் போட்டேன். ஹென்றி பவர் தலைமையில் செய்த அந்த மொழிபெயர்ப்பு 1871ல் முழுசாக வந்தது. பாரதியார் பிறப்பதற்கு 11 வருடம் முன்னால். அதற்கும் முன்னால் பெரிய வரிசையே இருக்கிறது. 1706ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1715ல் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்தார், இந்திய மொழிகளில் முதலில் அச்சான புதிய ஏற்பாடு அது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்து 1719ல் இறந்துபோனார், மிச்சத்தை சூல்சே முடித்தார். அப்புறம் வேப்பேரியில் உட்கார்ந்து செதுக்கிச் செதுக்கி மொழிபெயர்த்த பப்ரிசியஸ், பாளையங்கோட்டை ரேனியஸ், யாழ்ப்பாணத்தில் பெர்சிவல். இந்தப் பெர்சிவலுக்கு உதவியவர் யார் தெரியுமா, ஆறுமுக நாவலர். பிற்காலத்தில் மிஷனரிகளோடு மல்லுக்கு நின்ற அதே சைவப் பெரியவர், இளவயதில் பைபிளுக்குத் தமிழ் பார்த்துக் கொடுத்திருக்கிறார். இவ்வளவு பேர் கை பட்ட ஒன்றுதான் நாம் 'பழைய வேதாகமம்' என்று சாதாரணமாகச் சொல்லுவது.

அதன் தமிழ் அந்தக் காலத்துத் தமிழ். சமஸ்கிருதச் சொற்கள் நிறைய. சிருஷ்டித்தார், சொஸ்தமாக்கினார், நியாயப்பிரமாணம், வேதபாரகர், ஆயக்காரர். சின்ன வயதில் ஆயக்காரர் என்றால் ஏதோ சாதிப் பெயர் என்று நினைத்திருந்தேன், யாரும் திருத்தவில்லை. திருவிவிலியத்தில் 'வரிதண்டுவோர்' என்று பார்த்ததும், அட வரி வசூலிக்கிறவனா, அதுதான் ஊரே வெறுத்ததா என்று முப்பத்தைந்து வயதில் புரிகிறது. வேதபாரகர் 'மறைநூல் அறிஞர்' ஆகிவிட்டார். ஆதியாகமம் 'தொடக்க நூல்'. யாத்திராகமம் 'விடுதலைப் பயணம்', இதில் நான் அப்படியே விழுந்துவிட்டேன். யாத்திரை என்றால் வேளாங்கண்ணிக்கு நடந்து போவது மாதிரித்தான் மனதில் படம் வரும். செங்கல் சூளையில் அடிமையாய்க் கிடந்த ஒரு கூட்டம் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி ஓடியதற்கு விடுதலைப் பயணம்தான் சரியான பெயர்.

இப்போது 23ஆம் சங்கீதத்துக்கு (பைபிளில் உள்ள பக்திப் பாட்டுகளைத்தான் சங்கீதம் என்போம்) வருவோம், இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

"கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." எங்கள் ஊரில் இது தெரியாத பிள்ளை கிடையாது. கல்யாணத்தில் பாடுவோம், அடக்கத்தில் பாடுவோம், ஆபரேஷனுக்குப் போகிறவர் தலையில் கைவைத்துச் சொல்லுவோம். நான் இத்தனை வருடம் இதை எப்படிப் புரிந்து வைத்திருந்தேன் என்றால், கடவுள் என்னோடு இருக்கிறார், அதனால் யார் முன்னாலும் நான் தாழ்ந்துபோக மாட்டேன், தலை குனிய மாட்டேன் என்று. பரீட்சைக்குப் போகும்போதும், வேலைக்கு நேர்காணல் போகும்போதும் அந்த அர்த்தத்தில்தான் சொல்லிக்கொண்டேன். திருவிவிலியத்தைத் திறந்தால், "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை."

குறையில்லை! தாழ்ச்சி என்றால் பற்றாக்குறையாம். மேய்ப்பன் ஒழுங்காக மேய்த்தால் ஆட்டுக்குப் புல்லுக்கும் தண்ணீருக்கும் குறைவிருக்காது, அவ்வளவுதான், அடுத்த வசனத்திலேயே புல்லும் தண்ணீரும் வருகிறது பாருங்கள். சந்தேகமாக இருந்தது, பழையதிலேயே தேடினேன். 34ஆம் சங்கீதம் 10ஆம் வசனம்: "சிங்கக்குட்டிகள் தாழ்ச்சியடைந்து பட்டினியாயிருக்கும், கர்த்தரைத் தேடுகிறவர்களுக்கோ ஒரு நன்மையுங் குறைவுபடாது." பட்டினி பக்கத்திலேயே தாழ்ச்சி. 1871ல் வாசித்தவர்களுக்கு இது தெளிவாகவே புரிந்திருக்கும். சொல் அப்படியே நின்றுவிட்டது, தமிழ் நகர்ந்துபோய்விட்டது, நடுவில் நான் என் இஷ்டத்துக்கு ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டேன். வருத்தமா என்று கேட்டால், கொஞ்சம் இருந்தது. நான் பிடித்துக்கொண்டு நடந்த ஒரு வசனம் நான் நினைத்ததைச் சொல்லவே இல்லையே. அப்புறம் ஒரு மாசச் சம்பளம் வராமல் போன நேரத்தில் 'எனக்கேதும் குறையில்லை' என்று சொல்லிப் பார்த்தேன். சொல்ல வாய் வரவில்லை. தலை குனிய மாட்டேன் என்று சொல்வதைவிடக் குறையில்லை என்று சொல்வது ரொம்பக் கஷ்டம்.

இதே மாதிரி பிரசங்கி. "மாயை மாயை, எல்லாம் மாயை." திருவிவிலியத்தில் புத்தகத்தின் பெயரே மாறி 'சபை உரையாளர்', வசனம் "வீண், முற்றிலும் வீண்" என்று போகிறது. சத்தத்தில் பழையதுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. மாயை என்று சொல்லும்போது வாயில் ஒரு காற்று போகிறது, வீண் என்றால் ஏதோ ஊசிப்போன சாம்பார் மாதிரி இருக்கிறது. ஆனால் மாயை என்றதும் நம் ஊரில் யாருக்கும் வேதாந்தம்தான் ஞாபகம் வரும், உலகமே பொய்த்தோற்றம் என்கிற அர்த்தம். எபிரேயத்தில் அங்கே இருக்கும் சொல்லுக்கு மூச்சுக்காற்று, ஆவி என்று பொருள். குளிர்காலக் காலையில் வாயிலிருந்து புகை வருமே, இருக்கிறது, உடனே போய்விடுகிறது. உலகம் பொய் என்று அவர் சொல்லவில்லை, நிற்காது என்கிறார். அந்த வகையில் இரண்டு மொழிபெயர்ப்புமே முழுசாகப் பிடிக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் நடுவில் இருப்பது தெரிகிறது. ஒரு வருடம் வாசித்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். இரண்டாவது பைபிள் வந்த பிறகுதான் முதல் பைபிளை ஒழுங்காக வாசிக்க ஆரம்பித்தேன்.

அதனால் புதியதே எல்லா இடத்திலும் ஜெயிக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மகள் கேட்ட அந்த 'விசாரிக்கிறவர்' வசனத்தையே எடுங்கள். ஊரிலிருந்து யாராவது கிளம்பினால் எங்கள் ஆச்சி, "வீட்ல எல்லாரையும் விசாரிச்சேன்னு சொல்லு" என்பாள். நலம் கேட்பது, வந்து எட்டிப் பார்ப்பது, தேவையைக் கவனிப்பது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. 'கவலை கொண்டுள்ளார்' என்றால் கடவுளும் நம்மைப்போல நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. இங்கே ஆச்சியின் சொல்தான் சரி. மகளுக்கு ஆச்சியின் விசாரிப்பைச் சொல்லி விளக்கினேன், உடனே பிடித்துக்கொண்டாள்.

புதியதில் எனக்குக் கடுப்பான சொல் ஒன்று உண்டு, 'ஊனியல்பு'. பவுலின் கடிதங்களில் பழையது 'மாம்சம்' என்று சொல்லும் இடங்களில் இது வருகிறது. "மாம்சத்தின் கிரியைகள்" என்பதை மாற்றி 'ஊனியல்பின் செயல்கள்'. தமிழ்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஊன் என்று இன்றைக்கு யார் சொல்கிறார்கள்? கடினமான வடமொழிச் சொல்லை எடுத்துவிட்டு அதைவிடக் கடினமான தனித்தமிழ்ச் சொல்லை வைத்தால் வாசிக்கிறவளுக்கு என்ன பிரயோசனம்? மகள் 'ஊனமுற்ற இயல்பு' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டாள். இன்னொன்று மலைப்பொழிவு, அதாவது இயேசு மலைமேல் செய்த பிரசங்கம். "ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்பது புரியவில்லை என்று இங்கே வந்தால் "ஏழையரின் உள்ளத்தோர் பேறுபெற்றோர்" என்று நிற்கிறது. எனக்கு இன்னும் புரியவில்லை.

யோவான் முதல் அதிகாரத்திலும் ஒரு குறை. "அந்த வார்த்தை மாம்சமாகி" என்பது "வாக்கு மனிதர் ஆனார்" என்று ஆகியிருக்கிறது. வாசிக்கச் சுகமாக இருக்கிறது, ஆனால் கிரேக்கத்தில் இருப்பது சதை என்கிற சொல். கடவுள் சதையாகிவிட்டார் என்பதில் ஒரு அதிர்ச்சி இருக்கிறதே, வலிக்கிற, பசிக்கிற, வியர்க்கிற உடம்பு, அது 'மனிதர்' என்ற மரியாதையான சொல்லில் நழுவிவிட்டது. அதே வசனத்தில் 'நம்மிடையே குடிகொண்டார்' என்பது மட்டும் அருமை. குடிகொள்வது என்றாலே தமிழனுக்குக் கோயில் ஞாபகம் வரும், பழையதில் இருக்கும் 'வாசம்பண்ணினார்' அந்த அளவுக்கு ஒட்டவில்லை.

ரோமர் கடிதத்தில் 'நீதிமான்களாக்கப்பட்டு' என்று நாம் ஒப்பிக்கிற இடத்தில் 'ஏற்புடையவர்களாக்கப்பட்டு' என்று வருகிறது. எங்கள் சபை ஐயரிடம், அதாவது போதகரிடம், இதைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "லூத்தர் இதைப் பார்த்தால் என்ன சொல்வாரோ" என்றார் (பிராட்டஸ்டண்ட் வழியைத் தொடங்கிவைத்த ஜெர்மன் லூத்தர்), ஆனால் நின்று யோசித்தார். நீதிமான் என்பது கோர்ட் வாசனை உள்ள சொல், ஏற்புடையவர் என்பது வீட்டு வாசனை உள்ள சொல், பவுல் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று அவர் விளக்கியது எனக்குப் பிடித்திருந்தது. கோர்ட் போய்விட்டால் கனம் குறைந்துவிடும் என்று நான் இன்னும் நினைக்கிறேன்.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழையதில் எல்லாமே அவன். "விசுவாசிக்கிறவன் எவனோ அவன் கெட்டுப்போகாமல்." முதல் சங்கீதம், "தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான்." பழகிவிட்டதால் காதில் உறுத்தாது, நம்மையும் சேர்த்துத்தான் என்று நாமே கூட்டிக்கொள்வோம். புதியதில் யோவான் 3:16 "நம்பிக்கை கொள்ளும் எவரும் அழியாமல்" என்று போகிறது, முதல் சங்கீதம் "நற்பேறு பெற்றவர் யார்?" என்று கேள்வியோடு தொடங்கி, நடவாதவர், நில்லாதவர், அமராதவர் என்று அடுக்கிக்கொண்டு போகிறது. வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், அந்த மூன்று வரியின் தாளம் தனி அழகு. நீதிமொழிகள் 31ல் ஒவ்வொரு கல்யாணத்திலும் நாம் கேட்கிற "குணசாலியான ஸ்திரீ" இங்கே "மனத்திடம் வாய்ந்த மனையாள்". எபிரேயச் சொல்லுக்கு வீரம், வலிமை என்றுதான் பொருளாம். குணசாலி என்றால் வாய் திறக்காத மருமகள் என்று என் காதில் ஓதியவர்களை எல்லாம் நினைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டேன்.

அமைப்பைப் பற்றி. பழையதில் ஒவ்வொரு வசனமும் தனிப் பத்தி, மேற்கோள் குறி கிடையாது. எரேமியா வாசிக்கும்போது இப்போது பேசுவது கர்த்தரா எரேமியாவா மக்களா என்று தெரியாமல் எத்தனை தடவை மூடி வைத்திருக்கிறேன். இங்கே பத்தி பிரித்து, மேற்கோள் குறி போட்டு, கவிதையைக் கவிதையாக வரி உடைத்து, உள்தலைப்பும் கொடுத்திருக்கிறார்கள். எரேமியாவை முதல் தடவையாக முடித்தேன். அடிக்குறிப்பு எழுத்து மட்டும் எறும்பு சைஸ், கண்ணாடி இல்லாமல் ஆகாது.

அந்த அடிக்குறிப்பில்தான் ஒரு சண்டையே இருக்கிறது. 'புதிய பைபிள்களில் வசனங்களை வெட்டிவிட்டார்கள், எச்சரிக்கை' என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி வருடத்துக்கு இரண்டு தடவையாவது வரும், உங்களுக்கும் வந்திருக்கும். உதாரணமாக மத்தேயு 17:21, "இந்த ஜாதிப்பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி" என்று உபவாச ஜெபக் கூட்டங்களில் தவறாமல் வரும் வசனம். திருவிவிலியத்தில் 20க்கு அப்புறம் 22, இருபத்தொன்று கீழே குறிப்பில் இருக்கிறது. யாரும் திருடவில்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வசனம் இல்லை, பிந்தைய பிரதிகளில்தான் வருகிறது. பழைய தமிழ் வேதாகமம் பிந்தையவற்றை வைத்துச் செய்தது, அவ்வளவுதான் வித்தியாசம். 1 யோவான் 5:7ம் அப்படித்தான். பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று மூவரையும் சொல்லும் வரி, கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் எராஸ்முஸின் பதிப்புகளுக்குள் வந்தது 1522ல் அவர் போட்ட மூன்றாம் பதிப்பில்தான். இதையெல்லாம் தெரிந்துகொண்டதால் என் விசுவாசம் ஆடிவிடவில்லை. 'வெட்டிவிட்டார்கள்' என்று அனுப்பிய சித்தப்பாவுக்கு இதை நீளமாக எழுதி அனுப்பினேன், அவர் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த மாதம் அதே செய்தியை மறுபடி அனுப்பினார்.

இனி அந்த 'கூடுதல்' புத்தகங்கள். நம் பைபிளில் 66, கத்தோலிக்கர்களுக்கு 73. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு, அப்புறம் எஸ்தர், தானியேலில் சில கூடுதல் பகுதிகள். திருவிவிலியத்தில் இவற்றை 'இணைத்திருமுறை' என்று பழைய, புதிய ஏற்பாடுகளுக்கு நடுவில் தனியாக வைத்திருக்கிறார்கள். பிராட்டஸ்டண்ட் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தொட்டாலே தீட்டு என்கிற மாதிரி ஒரு பயம் இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் லூத்தரே தன் ஜெர்மன் பைபிளில் இவற்றைத் தனியாகப் பிரித்து அச்சிட்டார், 1611ல் வந்த ஆங்கில கிங் ஜேம்ஸ் பைபிளிலும் இருந்தன. ஆங்கிலிக்கன் சபையின் '39 கட்டுரைகள்' என்கிற விசுவாச அறிக்கையில், வாழ்க்கை முறைக்கும் நல்லொழுக்கத்துக்கும் வாசிக்கலாம், உபதேசத்தை நிறுவ எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. அந்தச் சபையும் சேர்ந்துதானே 1947ல் சி.எஸ்.ஐ. உண்டானது. ஆக வாசிப்பதில் பாவமில்லை.

தோபித்து மாதிரி ஒரு கதையை நான் வேதத்தில் எதிர்பார்க்கவே இல்லை. செத்தவர்களை எடுத்து அடக்கம் பண்ணுகிற ஒரு நல்ல மனிதர், திண்ணையோரம் தூங்கும்போது குருவி எச்சம் கண்ணில் விழுந்து பார்வை போய்விடுகிறது. மகன் தோபியா பணம் வாங்கிவர வெளியூர் கிளம்புகிறான், கூலிக்குத் துணையாள் என்று நினைத்து அவன் கூட்டிக்கொண்டு போவது ரபேல் தேவதூதனை. பின்னாலேயே வீட்டு நாயும் போகிறது. எதற்கு என்று கதையில் ஒரு காரணமும் இல்லை, சும்மா போகிறது, நம் ஊர் நாய் மாதிரியே. தானியேலின் கூடுதல் பகுதியில் சூசன்னா கதை ஒரு கோர்ட் சினிமா. பொய்ச்சாட்சி சொன்ன இரண்டு பெரியவர்களைத் தனித்தனியாக நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தாய் என்று தானியேல் கேட்கிறான், ஆளுக்கு ஒரு மரம் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். சீராக் 38ல் மருத்துவரை மதி, அவரையும் ஆண்டவர்தான் படைத்தார், மருந்தையும் அவர்தான் மண்ணிலிருந்து தந்தார் என்று வருகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபம் மட்டும் பண்ணு என்று சொல்கிற ஆட்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டிய அதிகாரம்.

குறை என்று சொன்னால் பெரிய குறை, இதை மனப்பாடம் பண்ண முடியவில்லை. ஒருவேளை என் வயதாக இருக்கலாம். அம்மா வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒரு தடவை என்னை 23ஆம் சங்கீதம் வாசிக்கச் சொன்னார்கள். கையில் இருந்தது இதுதான், "ஆண்டவரே என் ஆயர்" என்று தொடங்கினேன். கூடியிருந்த இருபது பேரும் கண்ணை மூடிக்கொண்டு "நான் தாழ்ச்சியடையேன்" என்று முடித்தார்கள். நான் அச்சில் இருப்பதை வாசிக்கிறேன், அவர்கள் ஞாபகத்தில் இருப்பதைச் சொல்கிறார்கள், இரண்டும் மோதி ஒரே குழப்பம். மூன்றாம் வசனத்தில் புத்தகத்தை மூடிவிட்டு நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். கத்தோலிக்கப் பக்கமும் இதே கதைதான். மாமியார் கோயிலில் "உமது பெயர் தூயதெனப் போற்றப்பெறுக" என்று எல்லாரோடும் சொல்வார், வீட்டில் தனியாகச் செபமாலை பிடிக்கும்போது வருவது சின்ன வயதில் படித்த "உம்முடைய நாமம் அர்ச்சிக்கப்படுவதாக". இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் எல்லாம் புத்தகத்தில் பேதுரு, பவுல், யோவான் ஆகி எத்தனையோ வருடமாகிவிட்டது, அத்தைக்கு இன்னும் அவர்கள் அப்பர்கள்தான்.

என் கணக்குக்கு ஐந்துக்கு நாலு. அரை ஊனியல்புக்காக, அரை அடிக்குறிப்பின் எழுத்துக்காகக் குறைத்தேன். முதல் தடவையாகப் பைபிள் வாசிக்கிறவர்களுக்கு, வேற்று மதத்து நண்பர்களுக்கு, தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு யோசிக்காமல் வாங்கிக் கொடுக்கலாம். பழையதை வைத்திருப்பவர்கள் தூக்கிப் போடாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். போனில் ஆப் இருக்கிறதே என்பீர்கள், இருக்கிறது, தேடுவதற்கு நல்லது, ஆனால் இரண்டு மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்க்க மேசைதான் வசதி.

அம்மா போன விடுமுறைக்கு எங்கள் வீட்டில் பத்து நாள் இருந்தாள். மூன்றாவது நாள் மத்தியானம் மாமியாரும் அவளும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அத்தை வாசிக்க, அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போனதும் அம்மா சட்டென்று, "சும்மாதான், கதைதான கேக்கேன்" என்றாள். சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த நாய் கடைசில வீட்டுக்கு வந்து சேந்துச்சா பிள்ள?" என்று கேட்டாள்.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. நாற்பதைத் தாண்டியவர்கள் பெரிய எழுத்துப் பதிப்பே வாங்குங்கள், கனம் கூடுதல்தான், மடியில் வைத்துக்கொள்ளலாம். ஜிப் வைத்த உறை வேண்டாம், ஆறு மாதத்தில் முதலில் போவது அந்த ஜிப்தான்.